தொடாது காணுதல்: கண்டிச் சுவரோவியங்களின் பாதுகாப்பு

ஓலைச்சுவடி சிதையத் தொடங்கினால் அதனைப் பெயர்த்தெழுதிக் கொள்ளலாம். செப்புத் திருமேனி பழுதுற்றால் அரும்பொருட்சாலைக்குக் கொண்டு சென்று பேணலாம். சுவரோவியத்திற்கு இவ்விரு வாய்ப்பும் இல்லை. அது தான் பிறந்த சுவரோடு வாழ்ந்து, அச்சுவரோடு நோயுற்று, அச்சுவரோடு மறையும் இயல்பினது. சுவரில் ஊறும் நீர் ஓவியத்தில் ஊறும் நீராகும். சுவரில் விழும் வெடிப்பு ஓவியத்தின் வெடிப்பாகும். ஆகவே சுவரோவியத்தைப் பேணுவோர், நோயாளியை இடம்பெயர்க்க இயலாத மருத்துவரின் நிலையில் உள்ளனர். அவர்கள் உடலைக் கீறாமல் உள்நோயை அறிதல் வேண்டும். அதுவும் நோய் முற்றுமுன் அறிதல் வேண்டும். இத்தேவையிலிருந்து பிறந்ததே, ஓவியத்தைத் தொடாமலும் அதிலிருந்து துகளளவும் எடுக்காமலும் ஒளியின் துணையால் அதன் நிலையை ஆராயும் முறை. கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் போலச் சுவரோவியங்கள் செறிந்த ஒரு நிலப்பகுதிக்கு இம்முறை எவ்வாறு பயன்படும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியின் ஓவியச் செல்வம்

கண்டி இராச்சியத்தின் ஓவியக்கலை 18 ஆம் நூற்றாண்டில் புதிய மலர்ச்சி பெற்றது. அம்மலர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தவன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். 1747 முதல் 1782 வரை ஆட்சி செய்த இம்மன்னன், தென்னிந்திய நாயக்கர் மரபில் வந்தவன். தமிழகத்து நாயக்கர் அரண்மனைகளோடு உறவுடைய குடியிற் பிறந்த அவன், கண்டியின் பௌத்த விகாரைகளைப் புதுக்கியும் புதிதாக எடுப்பித்தும் புகழ்கொண்டமை வரலாற்றில் கருதத்தக்கதாகும். 1753 ஆம் ஆண்டு சீயம் நாட்டிலிருந்து உபசம்பதைத் துறவுநெறி மீண்டும் இலங்கைக்கு வந்ததும் அவன் காலத்திலேயே. விகாரைகள் தோறும் சுவர்களிற் புத்தரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளும் சாதகக் கதைகளும் தீட்டப்பெற்றன. எழுத்தறியாதார்க்கும் அறநெறி புகட்டிய திறந்த ஏடுகளாக அவை விளங்கின.

இவ்வோவியங்களுள் தலைசிறந்தன என அறிஞர் பலர் கருதுபவை, மகாவலி கங்கைக்கு அப்பால் அமுனுகமைக்கு அண்மையிலுள்ள தெகல்தொறுவை விகாரையின் ஓவியங்களாம். கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் தொடங்கப்பெற்ற இக்குகை விகாரை, அவன் தம்பி இராசாதி இராசசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்பார் இங்குத் தீட்டிய முதன்மை ஓவியர். வெசந்தர சாதகம், சுதசோம சாதகம் முதலிய கதைகள் சுவரிற் பட்டை பட்டையாக ஓடுகின்றன. உட்கூடத்தின் விதானத்தை மாரனின் படையெடுப்பு நிறைக்கின்றது. செந்நிறப் பின்னணியும், தெளிந்த கோடும், ஒரே உருவம் ஒரே பட்டையிற் பன்முறை தோன்றிக் கதையை நடத்திச் செல்லும் முறையும் இவ்வோவியங்களின் சிறப்பியல்புகள்.

இவ்வோவியங்களின் அருமையை உலகறியச் செய்தவர் தமிழ்க் குடியிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியாவர். அவர் முதலிற் கலை ஆராய்ச்சியாளர் அல்லர், நிலவியல் வல்லுநர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் பணிப்பாளராக விளங்கியவர். கனியங்களை ஆராய்ந்த அதே கண்கொண்டு கண்டிக் கைவினைஞரின் நிறப்பொருள்களையும் கருவிகளையும் வழக்கங்களையும் நுணுகி நோக்கி, 1908 ஆம் ஆண்டு ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை வெளியிட்டார். கலையைப் பேணும் பணியில் விஞ்ஞானமும் கலையறிவும் ஒன்றையொன்று வேண்டி நிற்கும் என்பதற்கு அவர் வாழ்வே தக்க சான்றாகும்.

தெகல்தொறுவை ஒன்றே அன்றி, கண்டி நகரின் எல்லையிலுள்ள கங்காராம விகாரை, பேராதனைக்கு அண்மையிலுள்ள இந்தகலை விகாரை, 14 ஆம் நூற்றாண்டில் எழுந்த கடலாதெனிய, இலங்காதிலக விகாரைகள், வடக்கே தம்புள்ளைக் குகைகள் ஆகியனவும் ஈண்டு எண்ணத்தக்கன. இந்தகலையின் பாறைமுகத்திற் கண்டிக் காலத்திற்குப் பன்னூறாண்டு முற்பட்ட ஓவியப் பகுதிகள் எஞ்சியுள்ளன. தம்புள்ளையின் ஓவியப் பரப்பு ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் ஆகும். கண்டிப் புனித நகரை 1988 இலும் தம்புள்ளையை 1991 இலும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

ஓவியத்தின் உடலமைப்பு

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். கண்டிச் சுவரோவியம் கண்ணுக்கு ஒரே பரப்பாகத் தோன்றினும் உண்மையிற் பல அடுக்குகளால் ஆயது. அடியிற் பாறை அல்லது செங்கற் சுவர், அதன்மேல் நார்ப்பொருள் கலந்த மண்சாந்து, அதன்மேல் வெண்களியாலாகிய மெல்லிய வெண்பூச்சு, அதன்மேல் வண்ணம். ஈரச் சாந்தின்மீது வண்ணம் தீட்டும் ஐரோப்பிய முறை இங்கில்லை. சாந்து உலர்ந்தபின், விளாம்பிசின் முதலிய பசையோடு குழைத்த நிறப்பொடியே பூசப்பட்டது. எனவே வண்ணத்தைச் சுவரோடு பிணைத்து நிற்பது அப்பசையே. நீர் அப்பசையைக் கரைக்கும். பூஞ்சணம் அதனை உண்ணும். கண்டி ஓவியத்தின் மென்மைக்கு இதுவே முதற்காரணம்.

நிறப்பொருள்கள் சிலவே. சிவப்பிற்குச் சாதிலிங்கம், அஃது இரசமும் கந்தகமும் சேர்ந்த கூட்டு. மஞ்சளுக்கு அரிதாரமும், கொக்கட்டு மரத்தின் மஞ்சட் பிசினும். கருமைக்குப் புகைக்கரி. வெண்மைக்கு வெண்களி. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நோயுண்டு. சாதிலிங்கம் ஒளிபட்டுக் கருமை அடையக்கூடியது. ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த அரிதாரம் ஒளியால் வெளிறும். மரப்பிசினின் மஞ்சள் அதனினும் விரைவில் மங்கும். புகைக்கரி மட்டுமே ஒளிக்கு அஞ்சாது நெடுங்காலம் நிலைக்கும்.

சுவரை வருத்தும் காரணிகள்

கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டி, இரு பருவக்காற்றுக்களின் மழையையும் பெறும் இடமாகும். ஆண்டு மழைவீழ்ச்சி 2,000 மில்லிமீற்றரை அண்டியது. குகை விகாரைகளில் மழைநீர் பாறைமுகத்தில் வழிந்து உள்ளே புகாதவாறு, முன்னோர் பாறையின் நெற்றியில் நீர்வடி விளிம்பு வெட்டினர். அவ்விளிம்பு ஓரிடத்திற் சிதைந்தால், அல்லது பாறையில் மரவேர் இறங்கினால், நீர் உட்புறம் கசியும். கசியும் நீர் உப்பைக் கரைத்துக் கொண்டு வரும். சுவர் உலரும்போது நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் பளிங்குகளாகி வண்ணத்தின் கீழே தங்கும். வளரும் பளிங்கு தன்மேலுள்ள வண்ணத்தை மெல்ல மெல்ல உந்தித் தள்ளும். மழைக்காலத்தில் யாதொரு குறையுமின்றித் தோன்றும் சுவர், வறட்சிக் காலத்தில் மாவாக உதிர்வதற்குக் காரணம் இதுவே.

விளக்குப் புகை, கூட்டத்தின் மூச்சுக்காற்று தரும் ஈரம், வௌவால் எச்சம், குளவிகளின் மண்கூடு, கைபட்டுத் தேய்தல் ஆகியனவும் உண்டு. இவையெல்லாம் ஒருநாளில் நிகழ்வன அல்ல. நாள்தோறும் அச்சுவரைக் காணும் பிக்குவும் அடியவரும் அம்மாற்றத்தை உணரார். ஒரு வீட்டில் வளரும் குழந்தையின் உயரம் பெற்றோர் கண்ணுக்குப் புலப்படாது. ஓராண்டு கழித்து வரும் உறவினர்க்கே அது புலப்படும். சுவரோவியத்தின் அழிவும் அத்தகையதே. புலப்படாமையே அதன் பேரிடர்.

ஒளியின் பல கண்கள்

மனிதக் கண் காணும் ஒளி, ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் அலைநீளம் உடையது. அதற்கு இருபுறமும் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் உண்டு. 1800 ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல் சிவப்பிற்கு அப்பாலுள்ள செங்கீழ்க் கதிரையும், அதற்கடுத்த ஆண்டில் யொகான் இறிற்றர் ஊதாவிற்கு அப்பாலுள்ள ஊதாகடந்த கதிரையும் கண்டறிந்தனர். ஒரே பொருள் இக்கதிர்களை வெவ்வேறு வகையில் ஏற்றும் விலக்கியும் நிற்கும். இவ்வேறுபாட்டைப் படமாக்குவதே இம்முறையின் அடிப்படை.

எல்லாவற்றினும் எளியது சாய்வொளிப் படம். விளக்கைச் சுவருக்கு நேரே வையாது, பக்கத்தில், ஒளி சுவரை உரசிச் செல்லுமாறு வைத்தால், சிறு கொப்புளமும் நெடுநிழல் வீழ்த்தும். வண்ணம் உரியத் தொடங்கும் ஓரங்களும், சாந்து புடைத்த இடங்களும் மலைநிலப் படம் போலத் தெளிவுறும். இதற்கு ஒரு விளக்கும் ஒரு கமராவும் போதும். பல திசைகளிலிருந்து ஒளிவீசிப் பல படங்கள் எடுத்து அவற்றைக் கணனியால் இணைக்கும் முறை 2001 ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதனாற் பார்ப்பவர் தம் விருப்பப்படி ஒளியின் திசையை மாற்றி மேற்பரப்பை ஆராய இயலும்.

இரண்டாவது, ஊதாகடந்த ஒளிர்வுப் படம். இருட்டில் இக்கதிரைச் சுவர்மீது பாய்ச்சினால் சில பொருள்கள் தாமே ஒளிரும். பிசினும் மெருகும் ஒருவகையாக ஒளிரும். அரக்குச் செம்மஞ்சளாக ஒளிரும். பிற்காலத்தார் தீட்டிய திருத்தங்கள் பெரும்பாலும் சூழவுள்ள பரப்பினின்று வேறுபட்டுத் தோன்றும். பாசியிலுள்ள பச்சையம் செந்நிறமாக ஒளிரும். ஆகவே ஈரம் மிக்க குகைச் சுவரிற் பாசி கண்ணுக்குப் பச்சையாகப் புலப்படுமுன்னரே அதன் வரவை அறியலாம்.

மூன்றாவது, செங்கீழ்க் கதிர்ப் படம். நெதர்லாந்து நாட்டுப் பௌதிகவியலாளர் வான் அஸ்பெரன் டி போர் 1960 களின் இறுதியில் இதனை ஓவிய ஆய்விற்குரிய ஒரு துறையாக வளர்த்தார். சாதிலிங்கமும் அரிதாரமும் இக்கதிரை விழுங்குவதில்லை. எனவே அவை படத்தில் வெளிறித் தோன்றும். புகைக்கரியோ இக்கதிரை விழுங்கிக் கருமையாகவே நிற்கும். இதன் பயன் கண்டி ஓவியத்திற் பெரிது. தெகல்தொறுவையைப் போன்ற செந்நிறச் சுவரொன்றை இக்கதிரிற் படம் எடுத்தால், சிவப்பு விலகி, கரியால் இட்ட கோடுகள் தனித்து நிற்கும். ஓவியர் முதலில் வரைந்து பின்னர் மாற்றிய கையையும், தேய்ந்து மறைந்த புருவத்தையும் காண இடமுண்டு. ஆயின் செந்நிறத்தால் இட்ட கோடு இப்படத்தில் மறைந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. மெல்லிய புகைப்படலத்தை இக்கதிர் ஓரளவு ஊடுருவும். தடித்த கரியை ஊடுருவாது.

நான்காவது, வெப்பப் படம். சாந்து சுவரைவிட்டுப் பிரிந்துள்ளதா என்பதை அறியப் பழைய கைவினைஞர் விரலாற் தட்டிப் பார்ப்பர். உட்குழிந்த இடம் வெற்றொலி தரும். ஆயின் உதிரும் நிலையிலுள்ள ஓவியத்தைத் தட்டுதலே தீங்காகலாம். வெப்பக் கமரா இக்குறையை நீக்குகின்றது. பிரிந்த சாந்திற்கும் சுவருக்கும் இடையிற் காற்று தங்கும். காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் அறையின் வெப்பநிலை சிறிது உயரும்போது, பிரிந்த பகுதி விரைவிற் சூடேறும். அது குறையும்போது விரைவிற் குளிரும். ஈரமுள்ள இடம், நீர் ஆவியாவதனாற் சூழலினும் குளிர்ந்து காணும். காலை வெயில் ஏறுகையில் விகாரையின் காற்றில் நிகழும் இயற்கை மாற்றமே சிலபோது இதற்குப் போதுமானது.

இவற்றோடு, காணும் ஒளியையும் அதற்கு அப்பாலுள்ள ஒளியையும் பல சிறு அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுக்கும் பன்னிறமாலை முறையும், ஒன்றோடொன்று மேற்படியும் பல படங்களிலிருந்து சுவரின் முப்பரிமாண வடிவை மில்லிமீற்றர் அளவிற் கணிக்கும் முறையும் இன்று வழக்கிலுள்ளன.

முதற்படமும் இரண்டாம் படமும்

இவ்வளவு கருவிகளையும் எண்ணி வியப்பதோடு நின்றுவிட்டால் அவற்றின் உட்பொருள் புலப்படாது. ஒருமுறை எடுத்த படம் ஓர் ஆவணம். அது கண்காணிப்பு அன்று. அதே சுவரை, அதே இடத்தில் நின்று, அதே ஒளியில், காலம் கழித்து மீண்டும் எடுக்கும்போதே கண்காணிப்புத் தொடங்குகின்றது. முதற்படம் கேள்வி, இரண்டாம் படமே விடை.

இதற்கு வேண்டுவன விலையுயர்ந்த கருவிகளினும் ஒழுங்குமுறையே ஆகும். கமராக் கால்களின் இடம் நிலத்திற் குறிக்கப்படல் வேண்டும். வில்லையும் தூரமும் ஒளியின் கோணமும் எழுதிவைக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் நிற அட்டையும் அளவுகோலும் இடம்பெறல் வேண்டும். அவ்வாறு எடுத்த இரு படங்களைக் கணனி ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஒவ்வொரு புள்ளியையும் ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் காட்டும். ஒரு மில்லிமீற்றர் நீளத்திற்கு 5 புள்ளிகள் எனக் கொண்டால், 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் உயரமும் கொண்ட ஓவியப் பட்டை 10,000 பெருக்கல் 5,000, அதாவது 5 கோடிப் புள்ளிகளாகும். இன்றைய நல்ல கமரா ஒன்று இதனை ஒரே படத்தில் அடக்கும். நெல்மணியினும் சிறிய வண்ணச்சில் உதிர்ந்தாலும் அது தப்பாது.

காலத்தைத் தெரிதலும் இன்றியமையாதது. மேலே கூறியவாறு உப்பு மழையிற் கரைந்து வறட்சியிற் பளிங்காகும். ஆண்டுக்கொரு முறை மழைக்காலத்தில் மட்டும் படமெடுப்போர் உப்பைக் காணார். கண்டியில் ஒற்றோபர், நவம்பர் மாதப் பெருமழைக்குப் பின் ஒருமுறையும், பெப்புருவரி, மார்ச்சு மாத வறட்சியின் இறுதியில் ஒருமுறையும் எடுத்தல் தகும். அதனோடு குகையின் வெப்பநிலையும் ஈரப்பதனும் இடையறாது பதியப்படின், எந்த மாற்றம் எக்காரணத்தால் வந்தது என்பதும் விளங்கும்.

சீன நாட்டுத் துன்குவாங்கு மொகாவோ குகைகளின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. துன்குவாங்கு ஆய்வகமும் அமெரிக்காவின் கெற்றிப் பேணுகை நிலையமும் 1989 முதல் இணைந்து அங்கே பணியாற்றி வந்தன. 85 ஆம் இலக்கக் குகையில் நெடுங்கால நோக்கின் பயனாக, சாந்திலுள்ள உப்பு காற்றின் ஈரப்பதனை உறிஞ்சிக் கரைந்தும் உலர்ந்தும் ஓவியத்தைச் சிதைப்பது உறுதியாயிற்று. வெளிக்காற்று ஈரமுற்றிருக்கும் வேளைகளிற் கதவைத் திறந்து மக்களை உள்விடுதல் நன்றன்று என்னும் முடிவு அதனின்று பிறந்தது. மருந்து பூசுவதைவிடக் கதவைச் சாத்துதல் சிறந்த மருத்துவமாயிற்று. மக்களின் மூச்சும் ஒளியும் வளர்த்த பாசியின் பொருட்டுப் பிரான்சு நாட்டு இலாஸ்கோ குகை 1963 ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு மூடப்பட்டதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மாற்றமில்லை என்று படம் கூறுமாயின் அதுவும் பெரும்பயனே. தேவையற்ற மருத்துவம் நோயினும் கொடிதாதல் உண்டு. 1920 முதல் 1922 வரை ஐதராபாத்து நிசாமின் அழைப்பில் வந்த இத்தாலிய வல்லுநர் அசந்தா ஓவியங்களைக் காக்க விரும்பி அவற்றின்மீது அரக்கு மெருகு பூசினர். அவர்தம் நோக்கம் நன்றே. ஆயின் அம்மெருகு காலப்போக்கில் மஞ்சளித்து, தூசியையும் பிடித்து, ஓவியத்தையே மறைத்தது. அதனை அகற்றுவது பின்வந்தோர்க்குப் பெரும்பாடாயிற்று. சுவர் நிலைத்து நிற்கின்றது என்பதற்குச் சான்று இருப்பின், அதனைத் தொடாது விடும் துணிவும் பிறக்கும்.

முறையின் எல்லைகள்

எவ்விஞ்ஞான முறைக்கும் எல்லையுண்டு. படம் ஒரு பொருளின் இருப்பை உணர்த்துமே அன்றி, அதன் பெயரை எப்போதும் ஐயமறக் கூறாது. ஒரேவகையாக ஒளிரும் பொருள்கள் பல. அத்தகைய இடங்களில் வேறு சோதனைகளும், சிலபோது ஊசிமுனையளவான மாதிரியும் வேண்டப்படும். ஆயினும் எங்கே எடுக்க வேண்டும் என்பதைப் படமே காட்டுவதால், முன்னர் பல இடங்களில் எடுக்கப்பட்ட மாதிரி இன்று ஓரிரண்டோடு அமையும்.

அடியிலுள்ளதை எல்லாம் செங்கீழ்க் கதிர் காட்டிவிடும் என்று கருதுதலும் தவறு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராச சோழன் காலத்து ஓவியங்கள் நாயக்கர் காலத்து ஓவியங்களின் கீழே மறைந்திருந்தமையை 1931 ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கு இரு ஓவியங்களுக்கும் இடையிற் சாந்துப் படை உள்ளது. செங்கீழ்க் கதிர் மெல்லிய வண்ணத்தைக் கடக்குமே அன்றிச் சாந்தைக் கடக்காது. சில மில்லிமீற்றர் சாந்தை ஊடுருவவல்ல தெராகேட்சு அலைகள் இப்போது ஆராயப்பட்டு வருகின்றன. தஞ்சையில் இந்தியத் தொல்லியல் துறையினர் மேற்படை ஓவியத்தைப் பெயர்த்துக் கண்ணாடியிழைத் தட்டிற் பொருத்திக் காத்து, கீழ்ப்படையையும் வெளிக்கொணர்ந்தனர். மேலுள்ளதும் வரலாறு, கீழுள்ளதும் வரலாறு என்னும் தெளிவு அச்செயலுக்கு அடிப்படையாயிற்று.

தொடாமை என்பது தீங்கின்மையோடு முற்றிலும் ஒன்றன்று என்பதும் கருதத்தக்கது. ஊதாகடந்த கதிர் நிறத்தை மங்கச் செய்யும் இயல்பினது. ஆதலால் அது குறுகிய நேரமே பாய்ச்சப்படல் வேண்டும்.

இரு பேரிடர்கள் தந்த படிப்பினை

மெல்லழிவு ஒருபுறமிருக்க, ஓரிரவிலும் ஒரு கணத்திலும் நேர்ந்த அழிவுகளும் இந்நாட்டிற் காணப்பட்டன. 1967 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 14 ஆம் திகதி சிகிரியா ஓவியங்களின்மீது பச்சை வண்ணம் பூசப்பட்டது. சில ஓவியங்கள் சிதைக்கவும்பட்டன. உரோமாபுரியிலுள்ள அனைத்துலகப் பேணுகை நிலையத்தினூடாக வந்த லூசியானோ மராஞ்சி என்னும் இத்தாலிய நிபுணர் தொல்பொருள் துறையினரோடு சேர்ந்து அவற்றை மீட்டார். அவ்வோவியங்களுக்கு ஏற்கெனவே படிகளும் படங்களும் இருந்தன. 1889 இல் அலிக் மறே என்பாரும், 1890 களின் இறுதியில் தொல்பொருள் துறையைச் சேர்ந்த டி. ஏ. எல். பெரேராவும் அவற்றைப் படியெடுத்திருந்தனர். இழந்தது யாது என்பதை அறிவதற்கு இருந்தது யாது என்பது தெரிந்திருத்தல் வேண்டும் அன்றோ!

கண்டியிலோ, 1998 ஆம் ஆண்டு சனவரி மாதம் 25 ஆம் திகதி தலதா மாளிகை வாயிலில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு உயிர்களைப் பலிகொண்டதோடு மாளிகையின் முகப்பையும் சுவரோவியங்களையும் சிதைத்தது. சாந்து பெயர்ந்த இடங்களில், அதுகாறும் மறைந்திருந்த பழைய ஓவியத்தின் பகுதிகள் வெளிப்பட்டன. ஒரு பேரழிவே மறைந்த வரலாற்றைத் திறந்து காட்டியமை துயரம் கலந்த வியப்பாகும். அமைதிக் காலத்திலேயே, ஒரு துகளும் உதிராமல், ஒளியின் துணைகொண்டு இத்தகைய அடுக்குகளை நாடுதல் எத்துணை நன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

வழிபாடும் பாதுகாப்பும்

கண்டி விகாரைகள் அரும்பொருட்சாலைகள் அல்ல. நாள்தோறும் விளக்கேற்றி மலரிட்டு வழிபடும் தலங்கள். மங்கிய ஓவியத்தைப் புதுவண்ணத்தாற் புதுக்குதல் அடியவர்க்குப் புண்ணியச் செயல். தொல்பொருள் அறிஞர்க்கோ அது பழைய ஏட்டின்மீது புதிதாக எழுதுதல். கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தவரும் தம்புள்ளையிற் பழைய ஓவியங்களின்மேல் புதியன தீட்டியவரே. இருசாராரும் ஓவியத்தின்மீது அன்புடையார். அன்பின் வடிவே வேறு. சைவக் கோயில்களிற் குடமுழுக்குக் காலத்திற் பழைய சுவர்கள் சுண்ணத்தால் மறைவதைக் கண்டோர்க்கு இச்சிக்கல் புதிதன்று.

இவ்விரு சாராரையும் ஓரிடத்தில் இருத்தவல்லது படம். எண்ணெய் விளக்கின் புகையால் ஓவியம் அழிகின்றது என்று வாயாற் கூறின் அது குற்றச்சாட்டாகத் தோன்றும். வெசாக்குத் திருநாளுக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தால், விளக்கை இரண்டடி தள்ளி வைப்போம் என்னும் முடிவு விகாராதிபதியிடமிருந்தே பிறக்கலாம். மங்கியதாகத் தோன்றும் உருவம் செங்கீழ்க் கதிர்ப் படத்திற் கோடு குலையாது நிற்பதைக் கண்டால், மேலே தீட்ட வேண்டிய தேவை இல்லை என்பதும் புலனாகும். முழு உருவையும் காண விழையும் அடியவர்க்கு அப்படத்தையே அச்சிட்டு விகாரையின் மண்டபத்தில் வைக்கலாம்.

இப்பணி பெருநகர் நிபுணர்க்கு மட்டும் உரியதன்று. சாய்வொளிப் படமும் ஒழுங்கான நிறப்படமும் எடுப்பதற்குக் கல்லூரி மாணவரும் பழகிக்கொள்ளலாம்; தொல்பொருள் திணைக்களத்தின் இசைவும் விகாராதிபதியின் அனுமதியும் பெற்று, அறிந்தோர் மேற்பார்வையில் இயங்குதல் மட்டும் இன்றியமையாதது. இந்நாட்டின் பழம்பொருட் சட்டம் 1940 ஆம் ஆண்டிலிருந்தே இத்தகைய சின்னங்களுக்குக் காப்பளித்து வருகின்றது. ஆயினும் சட்டம் கையைத் தடுக்கும். நீரையும் உப்பையும் தடுக்காது. அவற்றைத் தடுக்க விழிப்பே வேண்டும்.

சில்வத்தென்ன உன்னான்சே தீட்டிய கோடுகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாறைக்குள் நிலைத்துள்ளன. அவற்றைத் தீட்டிய கையின் திறத்தை இன்று எவரும் மீட்டுத்தர இயலாது. ஆயின் அவை எந்நிலையில் உள்ளன என்பதை இன்று எழுதி வைக்க இயலும். இன்று எடுக்கப்படும் முதற்படத்தின் பயனை எடுத்தவர் முழுமையாகக் காணமாட்டார். ஐம்பது ஆண்டு கழித்து அதே இடத்தில் நின்று இரண்டாம் படம் எடுப்பவரே காண்பார். பனைவிதை ஊன்றும் முதியவரின் செயலை ஒத்த பணி இது. அதனைத் தொடங்குதற்கு உகந்த காலம் சுவர் நலமாயிருக்கும் காலமே. உதிர்ந்தபின் எடுக்கும் படம் இரங்கற்பாவாகவே அமையும்.